‘டோல்’ என்றால் பிச்சையா? ஒரு சொல்லின் கதை

அக்கா மகள் ஆங்கில நாளிதழைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள். “மாமா, இந்தப் பக்கத்தில் தேர்தல் இலவசங்களை ‘டோல்’ என்று எழுதியிருக்கிறார்கள். அடுத்த பக்கத்தில், இங்கிலாந்தில் வேலை போனவர்களுக்குக் கொடுக்கும் பணத்தையும் ‘டோல்’ என்கிறார்கள். ரெண்டும் ஒண்ணா?”

இல்லை. ஆனால் இரண்டுக்கும் ஒரே சொல் எப்படி வந்தது என்பதை அவளுக்கு ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. சொல்லத் தொடங்கியபோதுதான் தெரிந்தது, இந்தச் சின்னச் சொல்லுக்குள் பல நூற்றாண்டு வரலாறு மடங்கிக் கிடக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்காததால்தான், உழைத்து, சந்தா கட்டி, அந்தச் சந்தாவுக்கு உரிய பணத்தைக் கேட்டு நிற்பவரையும் ஓசியில் வாழ்பவர் என்று பேசுகிறோம். அதனால் ஆரம்பத்திலிருந்து பார்ப்போம்.

எது ‘டோல்’ இல்லை

நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்திப் பணம் வாங்கும் டோல்கேட்டுக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. அந்தச் சொல் சுங்கத்தைக் குறிப்பது. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோல் தெரிகின்றன. ஆங்கிலத்தில் எழுத்தும் வேறு, ஒலியும் வேறு.

இன்னொரு குழப்பம் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கே வருவது. ‘டோல்ஃபுல்’ என்றால் துயரம் நிறைந்த என்று பொருள். வேலை போவது துயரம்தானே, ஆகவே டோல் அதிலிருந்து வந்திருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். துயரத்தைக் குறிக்கும் சொல் இலத்தீன் மூலத்திலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. இரங்கலைக் குறிக்கும் ‘கண்டோலன்ஸ்’ அதன் உறவு. நாம் பார்க்கப்போகும் டோல் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. நம் மொழியில் ஆறு என்பது நதியாகவும் எண்ணாகவும் இருக்கிறதே, அப்படித்தான். ஒலி ஒன்று, பிறப்பு வேறு.

கறிக்கூறு

தீபாவளிக்குப் பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஆடு வாங்கி அறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கறி, எலும்பு, ஈரல், குடல் எல்லாவற்றையும் கலந்து, இலை போட்டுப் பத்துக் கூறாக வைப்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கூறு. அதை எடுத்துப் போகிறவரைப் பார்த்து யாரும் “பிச்சை வாங்கிப் போகிறார்” என்று சொல்வதில்லை. அது அவர் பங்கு.

டோல் என்ற சொல்லின் முதல் பொருள் இதுதான்: கூறு, பங்கு. பழைய ஆங்கிலத்தில் ‘டால்’ என்று இருந்தது. நாம் ‘டீல் பேசி முடித்தாச்சு’ என்கிறோமே, அந்த டீல் இதன் உடன்பிறப்பு. சீட்டாட்டத்தில் சீட்டுகளைப் பிரித்துப் போடுவதற்கு ஆங்கிலத்தில் டீல் என்று சொல்வதில் அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஜெர்மனில் பகுதியைக் குறிக்கும் ‘டைல்’ என்ற சொல்லும் இதே வேரில் வந்தது.

இங்கிலாந்துக் கிராமங்களில் பொதுப் புல்வெளியை ஆண்டுதோறும் குலுக்கல் முறையில் பிரித்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. அப்படிப் பிரிக்கப்பட்ட துண்டுக்கும் டோல் என்றுதான் பெயர். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் யார்ன்டன் என்ற ஊரில் 13 மரப் பந்துகளில் பெயர்களை எழுதி, பையிலிருந்து எடுத்துப் புல்வெளியைப் பங்கிட்டார்கள். தஞ்சைப் பகுதி ஊர்களில் நிலத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பங்காளிகளுக்குள் மாற்றிப் பகிர்ந்துகொண்ட கரையீட்டு முறை தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். பங்கு உரிமையிலிருந்து வருவது. யாருடைய மனமும் இரங்க வேண்டியதில்லை.

பங்கு தானமாகிறது

அப்புறம் சொல் மெல்ல நகர்ந்தது. பிரிப்பது என்ற பொருளிலிருந்து, பிரித்துக் கொடுப்பது. பிரித்துக் கொடுப்பதிலிருந்து, ஏழைகளுக்குக் கொடுப்பது. இடைக்கால இங்கிலாந்தில் செல்வர் ஒருவர் இறந்தால் அவருடைய அடக்கத்தின்போது ஏழைகளுக்கு ரொட்டியும் காசும் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டவர்கள் இறந்தவரின் ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ள வேண்டும். இதற்கும் டோல் என்று பெயர் வந்தது.

இதில் மிகப் பெயர்பெற்றது ஹாம்ப்ஷயரில் உள்ள டிச்போர்ன் கிராமத்தின் டோல். 12-ஆம் நூற்றாண்டில் மபெல்லா என்ற சீமாட்டி சாகக் கிடந்தபோது, ஆண்டுதோறும் ஏழைகளுக்குத் தானியம் கொடுக்க வேண்டும் என்று கணவரிடம் கேட்டாராம். கணவர் எரியும் கொள்ளி ஒன்றைக் காட்டி, இது அணைவதற்குள் நீ சுற்றி வரும் நிலத்தின் விளைச்சலை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன் என்றாராம். நடக்க முடியாத அந்தப் பெண் தவழ்ந்தே 23 ஏக்கரைச் சுற்றி வந்தார் என்பது கதை. கதை எவ்வளவு உண்மையோ, அந்த வயலுக்குத் ‘தவழ்ந்த நிலம்’ என்று பொருள்படும் பெயர் நிலைத்துவிட்டது. மார்ச் 25-ஆம் தேதி ஊராருக்கு மாவு அளந்து கொடுக்கும் வழக்கமும் நம் காலம் வரை வந்திருக்கிறது. 1671-இல் வரையப்பட்ட ஓவியம் ஒன்று, டிச்போர்ன் குடும்பத்தார் மாளிகை முன்னால் நின்று இந்த டோலை வழங்கும் காட்சியைக் காட்டுகிறது. கொடுப்பவர் முன்னால் இருக்கிறார். வாங்குபவர் காத்திருக்கிறார்.

அந்த ஓவியத்துக்கும் கறிக்கூறுக்கும் இடையில்தான் சொல்லின் முழு மாற்றமும் இருக்கிறது. கூறு வாங்குகிறவர் யாருக்கும் கடமைப்பட்டவர் இல்லை. மாவு வாங்குகிறவர் நன்றி சொல்லியாக வேண்டும். கொடுப்பவருக்கு நாளைக்கு மனம் மாறிவிட்டால் இவர் கேட்க வழியில்லை.

இதுவரை வந்த பாதை: முதலில் பங்கு, பிறகு பங்கிட்டுக் கொடுத்தல், கடைசியில் தானம். இன்னும் வேலையின்மை என்ற பேச்சே வரவில்லை.

தானம் வாங்கினால் ஓட்டுக் கிடையாது

அரசாங்கம் இந்த இடத்தில் உள்ளே வருகிறது. 1601-இல் ஏழைகள் சட்டம் முழு வடிவம் பெற்றது. ஒவ்வொரு ஊர்ப் பங்கும் (தேவாலயப் பங்கைச் சொல்கிறேன்) வரி திரட்டி, தன் ஏழைகளைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். 1834-இல் அந்தச் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். உடலில் வலுவுள்ளவருக்கு உதவி வேண்டுமென்றால் ‘வொர்க்ஹவுஸ்’ எனப்பட்ட ஏழை விடுதிக்குள் போய்த் தங்க வேண்டும். அங்கே கணவன், மனைவி, பிள்ளைகளைத் தனித்தனியாகப் பிரித்து வைத்தார்கள். விடுதி வாழ்க்கை வெளியில் உள்ள மிக ஏழைத் தொழிலாளியின் வாழ்க்கையைவிட மோசமாக இருக்க வேண்டும் என்பதையே கொள்கையாக வைத்திருந்தார்கள். அப்போதுதான் யாரும் எளிதில் வரமாட்டார்களாம்.

இன்னொரு தண்டனையும் இருந்தது. ஏழைகள் சட்ட உதவியை வாங்கியவர் வாக்குரிமையை இழந்தார். 1918 வரை இந்தத் தடை நீடித்தது. பசிக்கு வாங்கிய ரொட்டிக்கு விலையாகக் குடிமகன் என்ற தகுதியையே கொடுக்க வேண்டியிருந்தது. டோல் என்ற சொல்லில் ஒட்டிக்கொண்ட வெட்கம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், நான் முதலில் காட்டுவது இந்த இடத்தைத்தான்.

தெருவின் மரண நிதி

இனி காப்பீடு. நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு, சங்கத்துக்குச் சங்கம், மரண சகாய நிதி என்று ஒன்று இருக்கும். ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். 100 வீடு, வீட்டுக்கு மாதம் 50 ரூபாய். மாதம் 5,000 ரூபாய் சேரும், ஆண்டுக்கு 60,000. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் உடனே 10,000 ரூபாய் கொடுப்பார்கள். ஆண்டுக்கு ஆறு சாவு வரை நிதி தாங்கும்.

சேர்ந்த இரண்டாவது மாதமே ஒரு வீட்டில் சாவு விழுந்துவிட்டால், அந்த வீடு கட்டியது 100 ரூபாய், வாங்குவது 10,000. மீதி யார் பணம்? மற்ற வீடுகளின் பணம். ஆனாலும் அதை யாரும் தானம் என்று சொல்வதில்லை. ஏனென்றால் ஒவ்வொரு வீடும் இந்த ஏற்பாட்டுக்குள் முன்னாலேயே வந்துவிட்டது. யாருக்கு எப்போது வரும் என்று தெரியாத ஒரு கஷ்டத்தை எல்லாரும் சேர்ந்து சுமக்கிறார்கள். காப்பீடு என்பது இவ்வளவுதான். கட்டிய பணம் உங்கள் பெயரில் உண்டியலில் கிடப்பதில்லை. கட்டியதால் உங்களுக்குக் கிடைப்பது, கஷ்டம் வந்தால் கேட்கும் உரிமை.

1911: அரசே நடத்திய நிதி

இந்த ஏற்பாட்டை வேலையிழப்புக்குக் கொண்டுவந்தது பிரிட்டனின் 1911 தேசியக் காப்பீட்டுச் சட்டம். லாயிட் ஜார்ஜ் அப்போது நிதியமைச்சர். வேலையின்மைப் பகுதிக்கான திட்டம் சர்ச்சிலும் அவருடன் இருந்த பெவரிட்ஜ் போன்ற அதிகாரிகளும் வணிக வாரியம் என்ற அரசுத் துறையில் உருவாக்கியது. சந்தா 1912 ஜூலையில் தொடங்கியது. உதவிப் பணம் 1913 ஜனவரியிலிருந்து கிடைத்தது.

எல்லாத் தொழிலாளிகளுக்கும் இல்லை. கட்டட வேலை, கப்பல் கட்டுதல், இயந்திரத் தொழில், இரும்பு வார்ப்பு என்று வேலை ஏறி இறங்கும் சில தொழில்களில் இருந்த சுமார் 22.5 லட்சம் பேருக்கு மட்டும். வாரத்துக்குத் தொழிலாளி இரண்டரை பென்னி, முதலாளி இரண்டரை பென்னி. அந்த ஐந்து பென்னியில் மூன்றில் ஒரு பங்கை அரசு சேர்த்துப் போடும். கட்டியதற்கு அடையாளமாக ஓர் அட்டையில் ஸ்டாம்ப் ஒட்டுவார்கள். இன்றும் பிரிட்டனில் வயதானவர்கள் “நான் என் ஸ்டாம்பைக் கட்டியிருக்கிறேன்” என்று சொல்வது இதிலிருந்து வந்த வழக்கு.

வேலை போனால் முதல் வாரம் காத்திருக்க வேண்டும். பிறகு வாரம் 7 ஷில்லிங், ஆண்டுக்கு அதிகபட்சம் 15 வாரம். ஐந்து வாரச் சந்தாவுக்கு ஒரு வார உதவி என்பது கணக்கு. ஒரு ஷில்லிங் 12 பென்னி என்பதால் 7 ஷில்லிங் என்பது 84 பென்னி. ஐந்து வாரத்தில் மூன்று தரப்பும் சேர்ந்து கட்டியதோ 33 பென்னி சொச்சம்தான். மிச்சம் எங்கிருந்து வரும்? வேலையில் தொடர்ந்து இருந்தவர்களின் சந்தாவிலிருந்து. அதே மரண நிதிக் கணக்கு.

ஏழைகள் சட்டத்தின் கறை படியக்கூடாது என்பதற்காகவே இதை இப்படி அமைத்தார்கள். விசாரணை இல்லை, வீட்டில் என்ன இருக்கிறது என்று சோதிப்பது இல்லை, விடுதி இல்லை. அட்டையில் ஸ்டாம்ப் இருக்கிறதா, வேலை இல்லையா, சரி, பணம்.

ஆக, 1913-இல் வேலையில்லாதவர் வாங்கியதை டோல் என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை. பழைய பொருளில், பங்கு என்ற பொருளில் வேண்டுமானால் சொல்லியிருக்கலாம்.

ஒரே ஜன்னல், மூன்று வகைப் பணம்

1918 நவம்பரில் முதல் உலகப்போர் முடிந்தது. லட்சக்கணக்கான சிப்பாய்கள் ஊர் திரும்பினார்கள். வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த ஆண்களும் பெண்களும் வெளியே வந்தார்கள். பலர் காப்பீட்டில் சேராதவர்கள். அவசரமாக அரசு ஒரு திட்டம் போட்டது. சந்தா கட்டாதவர்களுக்கும் பணம். அதற்கு அரசே வைத்த பெயர் ‘அவுட்-ஆஃப்-வொர்க் டொனேஷன்’, அதாவது வேலையற்றோர் நன்கொடை. 1919-இல் நாளிதழ்கள் இந்தப் பணத்தைச் சுருக்கமாக ‘டோல்’ என்று எழுதத் தொடங்கின. போர்முனையிலிருந்து திரும்பியவர்களுக்குக் கொடுத்த பணத்துக்கு, அடக்க வீட்டு ரொட்டியின் பெயர்.

நன்கொடைத் திட்டம் தற்காலிகமானது. 1920-இல் காப்பீட்டை ஒரு கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளிகளுக்கு விரித்தார்கள். விவசாயக் கூலிகளும் வீட்டு வேலை செய்பவர்களும் வெளியே நின்றார்கள். விரித்த நேரம்தான் சரியில்லை. சில மாதங்களிலேயே தொழில் சரிந்து, 1921 கோடையில் வேலையில்லாதவர்கள் 20 லட்சத்தைத் தாண்டினார்கள். பலர் போதுமான ஸ்டாம்ப் சேர்க்கும் முன்னரே வேலையை இழந்திருந்தார்கள்.

மரண நிதியில் ஒரே மாதத்தில் முப்பது சாவு விழுந்தது போன்ற நிலைமை. நிதி தாங்காது. அரசு கடன் கொடுத்து, கட்டிய சந்தாவுக்கு மேலேயும் உதவியை நீட்டியது. அதிகாரிகள் இதற்கு ‘ஒப்பந்தத்துக்கு அப்பாற்பட்ட உதவி’ என்று பொருள்படும் பெயர் கொடுத்தார்கள். அதை வாங்க நிபந்தனைகளும் இருந்தன. உண்மையாகவே வேலை தேடினேன் என்று விண்ணப்பித்தவர் நிரூபிக்க வேண்டும். வேலை இல்லை என்று தெரிந்தே ஆலை ஆலையாகப் போய்க் கேட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. தேடியதைக் காட்ட வேண்டுமே! அந்த நிபந்தனையை 1930-இல்தான் எடுத்தார்கள்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தக் கட்டம். நன்கொடை, காப்பீடு, நீட்டிக்கப்பட்ட உதவி, மூன்றையும் கொடுத்தது அதே வேலைவாய்ப்பு அலுவலகம்தான். அதே வரிசை, அதே ஜன்னல், அதே எழுத்தர். தெருவில் போகிறவருக்கு வரிசைதான் தெரிந்தது. யார் கையில் எந்த அட்டை என்று தெரியவில்லை. ஆகவே வரிசை முழுவதற்கும் ஒரே பெயர் விழுந்தது. முன்னால் நின்றவர் பத்து ஆண்டு சந்தா கட்டியவராக இருந்தாலும் அவர் வாங்கியது டோல்தான்.

வீட்டுக்குள் வந்த விசாரணை

1931-இல் நெருக்கடி முற்றியது. உதவித் தொகையைப் பத்து விழுக்காடு குறைக்கலாமா என்ற கேள்வியில் தொழிற்கட்சி அமைச்சரவையே உடைந்தது. பிரதமர் ராம்சே மெக்டொனால்ட் மற்றக் கட்சிகளுடன் சேர்ந்து புதிய அரசு அமைத்தார். வயது வந்த ஆணுக்கு வாரம் 17 ஷில்லிங் இருந்தது, 15 ஷில்லிங் 3 பென்னி ஆனது. காப்பீட்டு உதவி 26 வாரம்தான், அதற்கு மேல் வேண்டுமென்றால் குடும்ப வருமானச் சோதனை என்றார்கள்.

வருமானச் சோதனை என்பது, உதவி கொடுக்கும் முன் உங்களிடமும் வீட்டாரிடமும் என்ன இருக்கிறது என்று பார்ப்பது. மகன் சம்பாதிக்கிறானா, தாத்தாவுக்குப் பென்ஷன் வருகிறதா, சேமிப்பு எவ்வளவு என்று அதிகாரி வீட்டுக்கே வந்து கேட்டார். மகனின் கூலி அப்பாவின் உதவியில் கழிந்தது. அப்பாவின் பணம் குறையக்கூடாது என்று வீட்டை விட்டு வெளியே போய்த் தங்கிய பிள்ளைகள் பலர். சோதனையை நடத்தியவை பழைய ஏழைகள் சட்டத்தின் வேலையை ஏற்றிருந்த உள்ளூர்க் குழுக்கள். இருபது ஆண்டுக்கு முன் எதைத் தவிர்க்கக் காப்பீடு வந்ததோ, அதுவே வாசற்படி ஏறியது. 1936 அக்டோபரில் கப்பல் தளம் மூடப்பட்ட ஜாரோ ஊரிலிருந்து 200 ஆண்கள் லண்டனுக்கு நடந்தே போனார்கள். அவர்கள் கொண்டுபோன மனு கேட்டது வேலையை.

போருக்குப் பின், 1948 ஜூலை 5-இல், புதிய தேசியக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. 1996-இல் வேலையின்மை உதவிக்கு ‘வேலை தேடுவோர் படி’ என்று பெயர் மாற்றினார்கள். இன்று பிரிட்டனில் சந்தா அடிப்படையில் ஒன்று, வருமானச் சோதனை அடிப்படையில் ‘யூனிவர்சல் கிரெடிட்’ என்று இன்னொன்று. பேச்சில் இரண்டும் டோல்.

ஆஸ்திரேலியாவில் கதை வேறு. அங்கே சந்தாவே கிடையாது, பொது வரியிலிருந்து, வருமானம் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். அங்கும் பெயர் டோல்தான். 1990-களின் பின்பகுதியில் அரசே ‘டோலுக்காக வேலை’ என்று பொருள்படும் பெயரில் ஒரு திட்டம் நடத்தியது. தெருப் பேச்சில் இருந்த சொல் அரசாணைக்குள் போய்விட்டது.

மற்ற மொழிகளில்

ஜெர்மன்காரர்கள் ‘ஸ்டெம்பெல்ன் போவது’ என்றார்கள், முத்திரை குத்தப் போவது என்று பொருள். அலுவலகத்தில் அட்டையில் குத்திய முத்திரையிலிருந்து வந்தது. பின்னாளில் 2005-இல் வேலையில்லாதவர்களுக்கான உதவியை மாற்றியமைத்த ‘ஹார்ட்ஸ் 4’ சீர்திருத்தத்துக்கு, ஆலோசனைக் குழுவுக்குத் தலைமை வகித்த பேட்டர் ஹார்ட்ஸின் பெயர் ஒட்டியது. அதிலிருந்து ‘ஹார்ட்சென்’ என்று ஒரு வினைச்சொல்லே பிறந்தது: உதவிப் பணத்தில் வாழ்வது, சும்மா இருப்பது. 2009-இல் அது ஆண்டின் இளைஞர் சொல்லாகத் தேர்வானது. பிரெஞ்சில் வேலையின்மையைக் குறிக்கும் ‘ஷோமாஜ்’ வெயிலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. உச்சி வெயிலில் வேலையை நிறுத்தி ஒதுங்குவது. மூன்றில் எனக்குப் பிடித்தது பிரெஞ்சுக்காரர்களுடையது. வெயிலுக்கு ஒதுங்கியவரை யாரும் சோம்பேறி என்று சொல்வதில்லை.

நம் பக்கம்

இந்திய ஆங்கில நாளிதழ்கள் டோலைத் தானம் என்ற பொருளிலேயே எடுத்துக்கொண்டன. அதனால்தான் அக்கா மகள் கண்ணில் பட்ட இரண்டும் ஒரே சொல்லில் இருந்தன. ஆனால் நம்மிடமும் சந்தா கட்டி வாங்கும் பணம் உண்டு. இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 விழுக்காடு, முதலாளி பங்காக 3.25 விழுக்காடு அந்த நிதிக்குப் போகிறது. அதன் கீழ் 2018-இல் தொடங்கிய அடல் திட்டம், வேலை போன காப்பீட்டாளருக்கு நிபந்தனைகளுடன் 90 நாள் வரை சராசரிக் கூலியில் கால் பங்கைக் கொடுத்தது. 2020-இல் அதைப் பாதியாக உயர்த்தினார்கள். இது மரண நிதி வகை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து காத்திருக்கும் இளைஞர்களுக்குத் தமிழக அரசு கொடுக்கும் தொகை வேறு வகை. அதற்குச் சந்தா இல்லை, குடும்ப வருமான வரம்பு உண்டு.

தமிழில் இரண்டையும் ‘உதவித்தொகை’ என்றே எழுதிவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குள் உதவி உட்கார்ந்திருக்கிறது. உதவி என்றால் உதவுகிறவர் ஒருவர் வேண்டும், வாங்குகிறவர் கொஞ்சம் குனிய வேண்டும். மில் வேலை போய், இ.எஸ்.ஐ. அட்டையோடு அலுவலக வாசலில் நிற்கிறவர் கேட்பதற்கு அந்தப் பெயர் பொருந்தவில்லை. நான் அதைக் ‘காப்புத்தொகை’ என்று எழுதத் தொடங்கியிருக்கிறேன். அக்கா மகள் அதைவிடச் சின்னதாக ஒன்று சொன்னாள்: “கூறு என்றே சொல்லலாமே மாமா.”